ஒரு ‘எக்ஸ்’ குறைந்தால் உடலில் என்ன மாறும்? டர்னர் சிண்ட்ரோம்: பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது இலஞ்சி. குமாரர் கோயிலும் சுற்றிலும் நெல் வயல்களுமாக இருக்கும் ஊர். சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தில்தான் இங்கே பள்ளிக்கூடங்களும் திறக்கின்றன. காலை வழிபாட்டில் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவார்கள். அந்த வரிசையில் வருடா வருடம் முதல் ஆளாகவே நிற்கும் ஒரு பெண் பிள்ளை, இலஞ்சி என்று இல்லை, எந்த ஊர்ப் பள்ளியிலும் இருப்பாள்.

“அவ ஆச்சியும் குட்டைதானே, வேற எப்படி இருப்பா?” என்று வீட்டில் சொல்வார்கள். “வயசுக்கு வந்தா தானா வளந்துருவா” என்பார் பக்கத்து வீட்டு அத்தை. பெரும்பாலான பிள்ளைகள் விஷயத்தில் இது உண்மையாகவே இருக்கும். குடும்பவாகில் வரும் குட்டை உருவம் நோயல்ல. ஆனால், சில பிள்ளைகளுக்குக் காரணம் ஆச்சியிடம் இல்லை. உடம்பின் செல்களுக்குள் இருக்கிறது. அதில் முக்கியமான ஒன்றுதான் டர்னர் சிண்ட்ரோம்.

பெண் குழந்தைகளில் சுமார் 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார்கள் என்பது உலக அளவிலான மதிப்பீடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இன்றைய தென்காசி மாவட்டப் பகுதியில் இருந்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர். பாதிப் பேர் பெண்கள் என்று வைத்துக்கொண்டால் 7 லட்சம். 2,500-ல் ஒருவர் என்று கணக்குப் போட்டால் இந்த ஒரு மாவட்டத்திலேயே 280 பேர் இருக்க வாய்ப்பு உண்டு. அவர்களில் பலர், தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம்.

ஏன் தெரியாமல் போகிறது? டர்னர் என்றால் கழுத்து இப்படி இருக்கும், கை இப்படி இருக்கும் என்று இணையத்தில் படங்கள் கிடைக்கின்றன. அந்தப் படத்தோடு ஒப்பிட்டு, “நம்ம பிள்ளை அப்படி இல்லையே” என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் படம்போல இல்லாத டர்னர் பிள்ளைகள் ஏராளம்.

முதலில் பார்த்தது உருவத்தை. காரணம் தெரிந்தது 21 வருடம் கழித்து

1938-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஹென்றி டர்னர் என்ற ஹார்மோன் மருத்துவர், தன்னிடம் வந்த 7 பெண்களைப் பற்றி எழுதினார். எல்லோரும் குட்டையாக இருந்தார்கள். யாரும் பருவமடையவில்லை. கழுத்தின் இரு பக்கமும் தோல் மடிப்பு, வெளிப்பக்கமாக வளைந்த முழங்கை என்று பொதுவான சில அடையாளங்களும் இருந்தன. அதற்கு 8 வருடம் முன்பே, 1930-ல், ஜெர்மனியின் ஓட்டோ உல்ரிச் இதே போன்ற ஒரு சிறுமியைப் பற்றி எழுதியிருந்தார். அதனால் சில நாடுகளில் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

காரணம் என்னவென்று இருவருக்கும் தெரியாது. தெரிந்திருக்கவும் முடியாது. மனித செல்லில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன என்பதே 1956-ல்தான் உறுதியானது.

இதற்கு நடுவில் லண்டனில் பால் பொலானி என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பெருந்தமனி ஓரிடத்தில் சுருங்கி இருக்கும் பிறவிக் குறைபாடு ஆண்களிடம்தான் அதிகம். அது டர்னர் பெண்களிடமும் காணப்பட்டது. நிறக்குருடும் அப்படித்தான். பெண்களுக்கு அது மிக அரிது. ஆனால் டர்னர் பெண்களிடம் ஆண்களுக்கு இணையான அளவில் இருந்தது. அப்படியானால் இவர்களுக்கும் ஆண்களைப்போல ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கிறதோ என்ற சந்தேகம் எழுந்தது.

1959-ல் சார்லஸ் ஃபோர்டும் பொலானி உள்ளிட்ட அவருடைய சகாக்களும் 14 வயது டர்னர் சிறுமி ஒருத்தியின் செல்களில் குரோமோசோம்களை எண்ணினார்கள். 46-க்குப் பதில் 45 இருந்தது. இரண்டு எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். மருத்துவக் குறிப்பில் இதை ‘45,எக்ஸ்’ என்று எழுதுகிறார்கள்.

ஆணுக்கு ஒரு எக்ஸ் போதும். பெண்ணுக்கு ஏன் போதாது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆனால், பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று கருவிலேயே அடங்கிவிடுகிறது. ஒன்றுதான் முழுதாக வேலை செய்கிறது. 1961-ல் மேரி லயன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி முன்வைத்த கருத்து இது. எப்படியும் ஒன்றுதான் வேலை செய்கிறது என்றால், இன்னொன்று இல்லாமல் போனால் என்ன நஷ்டம்?

ஒரு வயலுக்கு இரண்டு மடை இருப்பதாக நினைத்துப் பாருங்கள். இரண்டையும் திறந்தால் தண்ணீர் அதிகம் என்று ஒன்றை அடைத்துவிடுகிறார்கள். ஆனால், அடைத்த மடையின் ஓரத்தில் கொஞ்சம் கசிகிறது. அந்தக் கசிவில்தான் மேட்டுப் பாத்தி ஒன்று நனைகிறது. இரண்டாவது மடையே இல்லாவிட்டாலும் வயல் விளையும். ஆனால் அந்த மேட்டுப் பாத்தி காயும்.

இரண்டாவது எக்ஸும் அப்படித்தான் முழுதாக அடைபடுவதில்லை. அதில் உள்ள சில மரபணுக்கள் தொடர்ந்து வேலை செய்கின்றன. அவற்றில் ஒரு பகுதிக்கு ஆண்களின் ஒய் குரோமோசோமிலும் ஜோடி உண்டு. ஆகவே ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த மரபணுக்கள் இரண்டு பிரதி கிடைக்கின்றன. டர்னர் பெண்ணுக்கு மட்டும் ஒன்றுதான்.

1997-ல் கண்டறியப்பட்ட ‘ஷாக்ஸ்’ என்ற மரபணு இதற்கு நல்ல உதாரணம். எக்ஸ், ஒய் இரண்டின் நுனியிலும் அது இருக்கிறது. எலும்பு நீளமாக வளர்வதற்கு அது தேவை. ஒரு பிரதி குறைந்தால் உயரம் குறைகிறது. சிகிச்சை எடுக்காத டர்னர் பெண்ணின் உயரம், அதே சமூகத்துப் பெண்களின் சராசரியைவிட சுமார் 20 சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். நான்காவது விரலின் எலும்பு குட்டையாக இருப்பது, முழங்கை வெளிப்பக்கம் வளைவது, மேல் அண்ணம் உயர்ந்து குறுகலாக இருப்பது ஆகியவற்றிலும் ஷாக்ஸுக்குப் பங்கு இருக்கிறது.

கழுத்து மடிப்பு எப்படி வருகிறது?

டர்னர் என்றதும் படங்களில் காட்டப்படுவது காதின் கீழிருந்து தோள் வரை இறங்கும் தோல் மடிப்புதான். பிடரியில் முடி கீழே வரை இறங்கியிருக்கும். காது கொஞ்சம் தாழ்ந்திருக்கும். நகம் சிறியதாக, மேல்நோக்கி வளைந்திருக்கும். பார்க்க இவை தனித்தனி அடையாளங்கள். ஆனால், பெரும்பாலும் ஒரே காரணத்தின் தடயங்கள்.

கருவில் நிணநீர்க் குழாய்கள் சரியாக உருவாகாமல் இருந்தால் நீர் தேங்குகிறது. கழுத்தைச் சுற்றித் தேங்கும்போது அங்கே தோல் பைபோல விரிகிறது. பிறகு நீர் வடிந்துவிடும். விரிந்த தோல் மடிப்பாக நின்றுவிடும். முடி வளரும் எல்லையும் காதின் இடமும் மாறுவது அந்த வீக்கத்தின் விளைவுதான். பிறந்த பெண் குழந்தையின் புறங்கையும் புறங்காலும் பஞ்சுபோல உப்பி இருந்தால் அதற்குக் காரணமும் இதே நிணநீர்த் தேக்கமாக இருக்கலாம். அந்த வீக்கம் பெரும்பாலும் முதல் 2 வருடங்களில் தானாகவே வற்றிவிடும். “குளிப்பாட்டி எண்ணெய் தேய்த்ததில் சரியாகிவிட்டது” என்று வீட்டில் மறந்துவிடுவார்கள். மறக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல் அது.

கருவில் கழுத்து வீக்கம் அதிகமாக இருந்த பிள்ளைகளுக்கு இதய வால்விலும் பெருந்தமனியிலும் குறைபாடு இருக்கும் வாய்ப்பு கூடுதல். ஆகவே, கழுத்து மடிப்பை அழகுப் பிரச்னையாக மட்டும் பார்க்கக் கூடாது. அதைக் கண்டால் முதலில் எடுக்க வேண்டியது இதயத்துக்கு எக்கோ.

கழுத்தில் மடிப்பே இல்லாத பிள்ளைக்கு எக்கோ வேண்டாமா? நிச்சயம் வேண்டும். டர்னர் என்று உறுதியான எல்லோருக்கும் அது கட்டாயம். வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் உள்ளே வால்வில் குறை இருக்கலாம்.

ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம்?

டர்னரை உறுதிசெய்யும் பரிசோதனையின் பெயர் கேரியோடைப். சாதாரண ரத்த மாதிரி போதும். செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். செல்கள் வளர வேண்டும் என்பதால் முடிவு வர நாள் எடுக்கும். ரிப்போர்ட்டில் பொதுவாக இந்த வகைகளில் ஒன்று இருக்கும்.

45,எக்ஸ்: பரிசோதித்த எல்லா செல்களிலும் ஒரே எக்ஸ். டர்னர் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்த வகை. கழுத்து மடிப்பு, பிறக்கும்போது கை கால் வீக்கம், இதயக் குறை ஆகியவை இவர்களிடம் ஒப்பீட்டளவில் அதிகம்.

மொசைக்: சில செல்களில் ஒரு எக்ஸ், சில செல்களில் இரண்டு. கரு உருவானபின் செல் பிரியும்போது நேரும் பிசகு இது. வெளி அடையாளங்கள் பொதுவாகக் குறைவு. தானாகப் பருவமடையும் வாய்ப்பு 45,எக்ஸ் வகையைவிட அதிகம். சிலருக்கு டர்னர் இருப்பதே கல்யாணத்துக்குப் பிறகு, குழந்தை இல்லையென்று பரிசோதிக்கும்போதுதான் தெரிகிறது.

ஐசோகுரோமோசோம்: இரண்டாவது எக்ஸ் இருக்கும். ஆனால் அதன் குட்டைக் கை இருக்காது. நீளக் கை மட்டும் இரண்டு முறை இருக்கும். ஷாக்ஸ் இருப்பது குட்டைக் கையில் என்பதால் உயரம் குறையும். தைராய்டு பிரச்னையும் காது கேட்பதில் குறையும் இந்த வகையில் கூடுதலாகக் காணப்படுகின்றன.

ரிங் எக்ஸ்: இரண்டாவது எக்ஸ் இரு நுனியும் இழந்து வளையமாக ஒட்டியிருக்கும். அந்த வளையம் மிகச் சிறியதாக இருந்து, எக்ஸை அடக்கிவைக்கும் மரபணுவும் அதில் இல்லாமல் போனால், அடங்க வேண்டியது அடங்காமல் வேலை செய்யும். அந்தச் சில பிள்ளைகளுக்கு மட்டும் அறிவு வளர்ச்சியில் தாமதம் ஏற்படலாம்.

ஒய் குரோமோசோமின் பகுதி உள்ள வகை: சுமார் 10 சதவீதம் பேரிடம் இருக்கிறது. இவர்களும் பெண்கள்தான், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால், வளராத சினைப்பையில் கட்டி உருவாகும் ஆபத்து இவர்களுக்கு உண்டு. அதை முன்கூட்டியே அறுவை சிகிச்சை மூலம் அகற்றுவது பற்றி டாக்டர்கள் பேசுவார்கள்.

ஒரே ரிப்போர்ட், இரண்டு விதமான பிள்ளைகள்

மேலே சொன்னவை எல்லாம் பொதுப் போக்குகள், ஜாதகம் அல்ல. 45,எக்ஸ் என்று ஒரே மாதிரி ரிப்போர்ட் வந்த இரண்டு சிறுமிகளில் ஒருத்திக்குக் கழுத்து மடிப்பு, இதய ஆபரேஷன் எல்லாம் இருக்கலாம். இன்னொருத்திக்கு உயரக் குறைவைத் தவிர வெளியே எதுவுமே தெரியாமல் இருக்கலாம்.

மொசைக் வகையில் இன்னொரு சிக்கல் உண்டு. “20 சதவீத செல்களில்தான் ஒரு எக்ஸ்” என்று ரிப்போர்ட் வந்தால் அது ரத்த செல்களின் கணக்கு. சினைப்பையிலும் இதயத்திலும் எலும்பிலும் அதே விகிதம்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதேபோல, சில செல்களை மட்டும் எண்ணிவிட்டு “நார்மல்” என்று வந்தாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் டாக்டர்கள் கூடுதல் செல்களை எண்ணச் சொல்வார்கள். வாயின் உட்கன்னத்து செல்களையோ தோல் செல்களையோ பரிசோதிப்பதும் உண்டு.

45,எக்ஸ் கருக்களில் சுமார் 99 சதவீதம் பிறக்கும் கட்டம் வரை வருவதில்லை என்பது மதிப்பீடு. பிழைத்துப் பிறப்பவர்களில் பலருக்கு, எங்கோ சில செல்களில் மட்டுமாவது இரண்டாவது குரோமோசோம் இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உருவத்தை மட்டும் நம்பினால் எதிர்ப்பக்கமும் தவறு நேரும். நூனன் சிண்ட்ரோம் என்று ஒன்று இருக்கிறது. குட்டை உருவம், கழுத்து மடிப்பு, தாழ்ந்த காது, இதயக் குறை என்று பார்ப்பதற்கு டர்னரைப் போலவே இருக்கும். ஆனால் குரோமோசோம் 46-ம் சரியாக இருக்கும். காரணம் வேறு மரபணுவில். அது ஆண் பிள்ளைகளுக்கும் வரும். பெற்றோரிடமிருந்தும் வரலாம்.

ஆக, ஒரே குரோமோசோம் கணக்கு வெவ்வேறு உருவங்களைத் தருகிறது. ஒரே மாதிரி உருவத்துக்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன. முகத்தைப் பார்த்து டர்னர் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. கிட்டத்தட்ட எல்லோரிடமும் காணப்படும் ஒரே அடையாளம் உயரக் குறைவுதான். காரணம் புரியாமல் குட்டையாக இருக்கும் எந்தப் பெண் பிள்ளைக்கும், வேறு அடையாளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேரியோடைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது அதனால்தான்.

வீட்டிலேயே போடக்கூடிய ஒரு கணக்கு

“ஆச்சி மாதிரி” என்ற பேச்சைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. அப்பாவின் உயரத்தையும் அம்மாவின் உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, அதில் 13-ஐக் கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 168, அம்மா 155 என்றால், கூட்டினால் 323. 13 போக 310. பாதி 155. மகள் வளர்ந்து முடிக்கும்போது ஏறத்தாழ அந்த உயரத்தை ஒட்டி இருப்பாள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அந்தப் பாதையைவிட்டு வெகுதூரம் கீழே போய்க்கொண்டிருந்தால் ஆச்சியைக் காரணம் சொல்ல முடியாது.

இன்னொன்று வளரும் வேகம். 4 வயதிலிருந்து பருவமடையும் காலம் வரை ஒரு பிள்ளை வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வளர வேண்டும். பிறந்தநாளன்று சுவரில் கோடு போட்டு அளந்து, தேதியோடு குறித்துவைத்தால் போதும். 4 சென்டிமீட்டருக்கும் கீழே இருந்தால் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். போன வருட யூனிஃபார்ம் பாவாடையே இந்த வருடமும் சரியாக இருக்கிறது என்றால், மிச்சம் பிடித்தோம் என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் உயரத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

“இன்னும் வயசுக்கு வரலையா?”

நம் ஊர்களில் பல டர்னர் பிள்ளைகள் கண்டுபிடிக்கப்படுவது இந்தக் கேள்விக்குப் பிறகுதான். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் சடங்கு முடிந்திருக்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் வந்த பிறகும் இவளுக்கு மட்டும் நடக்கவில்லை என்ற கவலையில் அம்மா டாக்டரிடம் அழைத்து வருவார். அதற்குள் அந்தப் பெண் உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்தியிருப்பாள்.

டர்னர் பிள்ளைகளின் சினைப்பையில் கருமுட்டைகள் உருவாகாமல் இல்லை. கருவில் உருவாகின்றன. ஆனால், இரண்டாவது எக்ஸ் இல்லாததால் மிக வேகமாகக் குறைந்து, பலருக்குச் சிறுவயதிலேயே தீர்ந்துவிடுகின்றன. கருப்பை நன்றாகவே இருக்கும். கிடைக்காமல் போவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான். அதை 11, 12 வயதில் மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, 2, 3 வருடங்களில் படிப்படியாகக் கூட்டி, பிறகு புரோஜெஸ்ட்ரானையும் சேர்த்துக் கொடுத்தால் மற்ற பெண்களைப் போலவே உடல் வளர்ச்சியும் மாதவிலக்கும் வரும். இது சடங்குக்காக எடுக்கும் மாத்திரை அல்ல. எலும்பும் ரத்தக் குழாயும் பலமாக இருக்க ஈஸ்ட்ரோஜன் தேவை. ஆகவே நடுத்தர வயது வரை நிறுத்தாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உயரத்துக்கான வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்கு வயது இன்னும் முக்கியம். அதை 4 முதல் 6 வயதுக்குள்கூட ஆரம்பிக்கலாம். தினமும் இரவு தோலுக்கு அடியில் போடும் ஊசி. வீட்டிலேயே போடப் பழகிக்கொள்ளலாம். கனடாவில் நடந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகள், போடாதவர்களைவிட சராசரியாக 7 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக வளர்ந்தார்கள். 16 வயதில் கண்டுபிடித்தால் இந்த வாய்ப்பில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். “ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்போம்” என்ற பேச்சில் போய்விடும் வருடங்களை எந்த ஊசியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

யாருடைய தவறும் இல்லை

பிள்ளைக்கு ஒன்று என்றால் வீட்டில் முதலில் விரல் நீள்வது அம்மாவை நோக்கித்தான். டர்னரைப் பொறுத்தவரை அந்தப் பழிக்கு எந்த ஆதாரமும் இல்லை. அம்மாவின் வயது காரணம் இல்லை. கர்ப்பத்தில் சாப்பிட்டதோ, கிரகணத்தில் வெளியே வந்ததோ காரணம் இல்லை. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டியதும் காரணம் இல்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கும் அசலில் செய்தவர்களுக்கும் ஒரே மாதிரிதான் நேர்கிறது.

45,எக்ஸ் வகையில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அப்பாவின் பக்கத்திலிருந்து வர வேண்டிய குரோமோசோம். அதற்காக அப்பாவைக் குறைசொல்லவும் இடமில்லை. செல் பிரியும்போது தற்செயலாக நேரும் பிசகு அது. அடுத்த குழந்தைக்கும் இப்படி வருவது மிக அரிது.

படிப்பு, வேலை, கல்யாணம்

மிகச் சிலரைத் தவிர டர்னர் பிள்ளைகளின் அறிவுத்திறன் மற்றவர்களைப் போலத்தான். மொழிப் பாடங்களில் பலர் கெட்டி. கணக்கு, வடிவியல், வரைபடம் பார்ப்பது ஆகியவற்றில் சிலருக்குக் கூடுதல் உதவி தேவைப்படும். அதை ஆசிரியரிடம் சொல்லிவைத்தால் “கவனம் இல்லை” என்ற திட்டு மிச்சம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் இருந்த மிஸ்ஸி மார்லோவுக்கு டர்னர் உண்டு. பிற்பாடு அதை வெளிப்படையாகச் சொல்லி மற்ற பெண்களுக்காகப் பேசினார்.

இயற்கையாகக் கருத்தரிப்பது மிகச் சிலருக்கே, பெரும்பாலும் மொசைக் வகையினருக்கு, சாத்தியமாகிறது. தானமாகப் பெற்ற கருமுட்டை மூலம் கர்ப்பமாகும் வழி இருக்கிறது. ஆனால், கர்ப்ப காலத்தில் பெருந்தமனி கிழியும் ஆபத்து டர்னர் பெண்களுக்கு அதிகம் என்பதால், இதயத்தை முழுமையாகப் பரிசோதிக்காமல் அதில் இறங்கக் கூடாது. தத்தெடுப்பதும் ஒரு வழி. பெண் பார்க்க வரும் நேரத்தில் மறைத்துவிட்டுப் பிறகு தெரியவரும்போது காயப்படுவது அந்தப் பெண்தான். அதற்கு முன், அவளிடமே உண்மையை மறைக்காமல் இருக்க வேண்டும். வயதுக்கு ஏற்ற வார்த்தைகளில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வளர்த்தால், 18 வயதில் தன் ரிப்போர்ட்டைத் தானே டாக்டரிடம் காட்டிப் பேசும் தைரியம் வரும்.

தென்காசிப் பக்கத்தில் எங்கே தொடங்குவது?

அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்க, ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கானது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும். அப்போது பிள்ளையின் உயரத்தைப் பற்றிக் கேட்கலாம். கிராம சுகாதார செவிலியரிடம், ஊரில் சொல்வதுபோல நர்சம்மாவிடம், கேட்டாலும் வழிகாட்டுவார். தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவும், அடுத்த கட்டமாக திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன.

செலவைப் பற்றிய பயம் நியாயமானது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி பல வருடங்கள் போட வேண்டியது. 2021-ம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கையில், டர்னருக்கான வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையும் இடம்பெற்றிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட உயர் சிறப்பு மையங்கள் மூலம் விண்ணப்பித்தால் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற 2022-ல் வழி செய்யப்பட்டது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி மருத்துவமனையும் அந்தப் பட்டியலில் உள்ளன. தென்காசிக்காரர்களுக்கு இரண்டுமே போய்வரக்கூடிய இடங்கள்தான். சென்னைக்கு ராத்திரி ரயில் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்குச் செங்கோட்டை, புனலூர் வழியாகச் சாலை இருக்கிறது.

டர்னர் உறுதியானால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. ரிப்போர்ட்டில் இருப்பது எந்த வகை? எத்தனை செல்களை எண்ணினார்கள்? ஒய் குரோமோசோமின் பகுதி இருக்கிறதா?

2. இதயத்துக்கு எக்கோ எப்போது? பெருந்தமனியை எம்.ஆர்.ஐ-யில் பார்க்க வேண்டுமா? மறுபடி எத்தனை வருடத்துக்கு ஒருமுறை?

3. சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எடுத்தாயிற்றா? இரண்டு சிறுநீரகமும் ஒட்டி லாட வடிவில் இருப்பது இவர்களிடம் அதிகம்.

4. தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

5. காது கேட்கும் திறன் பரிசோதனை எப்போது? அடிக்கடி காது சீழ் வடிந்தால் காத்திருக்கக் கூடாது.

6. வளர்ச்சி ஹார்மோன் ஊசியை இப்போது தொடங்கலாமா? ஈஸ்ட்ரோஜனை எந்த வயதில் தொடங்கப் போகிறோம்?

இந்த ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் உயரக் குறிப்போடு சேர்த்து எடுத்துப்போங்கள். பிறந்தபோது கை கால் வீங்கியிருந்ததா என்பதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். இப்போதைக்கு உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 4 வயது தாண்டிய பெண் பிள்ளை இருந்தால், இன்றே சுவரோரம் நிறுத்தி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவிடுங்கள்.